சோர்ந்த மனத்தை நிமிர்த்துவது போர்வையா? வாசலா?

(செஞ்சியில் நடந்த பட்டிமன்றத்தில் ‘வாசலே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! போர்வைக்குள்ளிருந்து இப்போதுதான் எழுந்து வந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) கார்த்திகை மாதத் தூறலையும் பொருட்படுத்தாமல், குடையும் கையுமாக வந்து உட்கார்ந்திருக்கிற செஞ்சி நகரத்துப் பெருமக்களே! தாய்மார்களே!

எதிரணித் தலைவர் ரொம்ப அழகாச் சொன்னார். “வானம் மூடிக்கிச்சா, கதவைச் சாத்து. போர்வையை இழுத்துப் போத்து. சூடா ஒரு தட்டு வெங்காய பஜ்ஜி. மனசு தானா சரியாயிடும்” என்றார். கேட்கும்போது எனக்கே அந்த அணிக்குப் போயிடலாமான்னு தோணிச்சு. (சிரிப்பு)

ஆனா ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த பஜ்ஜியை யார் போட்டது? வீட்டில் எல்லாரும் போர்வைக்குள்ளே இருந்தா தட்டு எப்படி வரும்? ஒருத்தர் எழுந்து அடுப்படிக்குப் போகணும் இல்லையா? அப்படி எழுந்தவர் எங்க கட்சி! (கைதட்டல்) இந்தத் தூறலில் குடை பிடிச்சு வந்த நீங்களும் எங்க கட்சிதான். இவங்க பேச்சை நம்பினவங்க, ‘டிவியில பார்த்துக்கலாம்’னு வீட்டிலேயே இருந்துட்டாங்க. (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நார்வே நாட்டின் வடகோடியில் ட்ரோம்ஸோ என்று ஓர் ஊர். நவம்பர் கடைசியில் மறைகிற சூரியன், ஜனவரி நடுவில்தான் மறுபடி தலை காட்டும். அவங்க மனசு சோர்ந்தா அதில் நியாயம் இருக்கு. நம்ம செஞ்சியில்? டிசம்பரில் வருகிற மிகச் சின்னப் பகல்கூடப் பதினொரு மணி நேரத்துக்கு மேலே! சூரியன் ஒரு நாளும் லீவு போடறதில்லை. மேகத்துக்குப் பின்னாடி நின்னு டியூட்டி பார்க்கறார். கதவைச் சாத்தினது நாமதான்.

குளிர்காலத்தில் மட்டும் வந்து போகிற மனச்சோர்வு ஒன்று உண்டு என்று 1984-ல் அமெரிக்க மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தாலும் அவர் குழுவினரும் எழுதினார்கள். அதற்கு ஒரு சிகிச்சையே, பிரகாசமான வெளிச்சத்துக்கு முன்னால் உட்கார வைப்பதுதான். டியூப்லைட் எரியற நம்ம கூடத்தில் வெளிச்சம் சில நூறு லக்ஸ். மேகம் மூடின பகலிலும் வாசலில் சில ஆயிரம் லக்ஸ் கிடைக்கும். அதனால் காலைக் காபியைக் கட்டிலில் குடிக்காதீங்க. டம்ளரைக் கையில் எடுத்துக்கிட்டுத் திண்ணைக்கு வாங்க. ஒரு அரை மணி நேரம் உட்காருங்க. கூடுதல் செலவு எவ்வளவு? ஒண்ணுமில்லை, அதே காபிதான்! (கைதட்டல்)

இரண்டாவது, உடம்பு அசையணும். இதுக்கு நான் வெளிநாடு போக வேண்டாம். உங்க கோட்டையே சாட்சி. 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டிலிருந்து இடம் பிடித்தது நம்ம செஞ்சி ஒன்றுதான். (பலத்த கைதட்டல்) ராஜாராம் காலத்தில், 1690-லிருந்து 1698 வரை, முகலாயப் படை விட்டு விட்டு முற்றுகை போட்ட கோட்டை இது. எத்தனை ஐப்பசி, எத்தனை கார்த்திகை அந்த மதிலுக்குள்ளே கழிஞ்சிருக்கும்! ராஜகிரி அடிவாரத்தில் போய்ப் பாருங்க. நெற்களஞ்சியம் இருக்கு. பக்கத்திலேயே உடற்பயிற்சிக்கூடம் என்று சொல்கிற கட்டடமும் இருக்கு. சாப்பாட்டுக்கு ஓர் இடம், உடம்பை அசைக்க ஓர் இடம். எதிரணி நண்பர்கள் களஞ்சியத்தோட திரும்பி வந்துட்டாங்க! (சிரிப்பு, கைதட்டல்)

மனசு சரியானதும் எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தா, சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். முதல்ல எழுந்திருக்கணும். மனசு பின்னாடி வரும். தெருக்கோடி வரைக்கும் நடங்க. முடியலையா, ஒரு அலமாரியை ஒழிச்சு அடுக்குங்க. அது போதும்.

புயல் நாளிலும் நடக்கச் சொல்றியான்னு கேட்காதீங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறினப்போ, நம்ம மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை. அந்த மாதிரி நாளில் வீட்டுக்குள்ளே பத்திரமா இருக்கறதுதான் புத்தி. மழையில் வழுக்கற பாறையில் மலையேறவும் நான் சொல்லலை. நான் சொல்றது புயல் இல்லாத, சும்மா மூட்டம் போட்டு மனசை அழுத்தற நாளைப் பத்தி.

மூன்றாவது, என் வீட்டுக் கதை. எங்க அப்பா ஒரு ஐப்பசியில் தவறிப்போனார். கார்த்திகை முழுக்க அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தே கிடந்தாங்க. வந்தவங்க எல்லாரும் ‘மனசைத் தேத்திக்கோ’ன்னு சொல்லிட்டுப் போனாங்க. எழுந்திருக்கலை.

மார்கழி முதல் நாள். இருட்டு பிரியலை. எதிர்வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினாங்க. ஆறுதல் ஒண்ணும் சொல்லலை. “யக்கா, எம்மருமவளுக்குப் புள்ளிக் கோலம் வரிசை தப்புது. வந்து பதினஞ்சு புள்ளி வெச்சுக் குடுங்க” என்றார்கள்.

அம்மா சொன்னாங்க: “நான் வெக்கலாமாடி? ஊர் என்ன சொல்லும்?”

அதுக்கு அந்த அக்கா, “புள்ளிக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. வாங்க” என்றார்கள். (கைதட்டல்)

அம்மா எழுந்தாங்க, நடுவர் அவர்களே. இரண்டு மாசம் கழிச்சு வாசல் இறங்கினாங்க. குனிஞ்சு பதினஞ்சு புள்ளி வெச்சாங்க. நிமிர்ந்தப்போ கண்ணில் தண்ணி. ஆனா, “இங்க ஒரு சிக்கு தப்பாப் போட்டிருக்கே பொண்ணே” என்று அந்த மருமகளை அதட்டின குரல் இருக்கு பாருங்க, அது எங்க பழைய அம்மாவோட குரல்! அந்த மார்கழி முடியற வரைக்கும் ஒரு நாள் தவறாம அந்த வாசலுக்குப் போனாங்க.

துக்கம் போயிடுச்சா? போகலை. ஆனா துக்கத்தோட எழுந்து நடக்க முடியும்னு தெரிஞ்சுது. ‘அழாதே’ன்னு சொன்னவங்களால முடியாததை, ‘உங்க உதவி வேணும்’னு கேட்ட ஒருத்தங்க செஞ்சாங்க. உங்க தெருவில் யார் வாசல் சில நாளாத் திறக்கலையோ, அங்கே போங்க. ஒரு கிண்ணம் ரசம் கொடுங்க. இல்லைன்னா ஒரு உதவி கேளுங்க.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேலே தூக்கமில்லை, சாப்பாடு இறங்கலை, எதிலும் பிடிப்பில்லை, வாழ்ந்து என்னன்னு தோணுதுன்னா, அதுக்குத் திண்ணையும் கோலமும் மட்டும் போதாது. டாக்டரிடம் போகணும். அரசாங்கத்தின் ‘டெலி மானஸ்’ எண் 14416. இலவசம். தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்க வெட்கப்படாத நாம், இதுக்கும் வெட்கப்பட வேண்டாம்.

நடுவர் மணி மேலே கையை வெச்சுட்டார். முடிச்சுடறேன். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறையில் ஒரு பெரிய பிளவு, அதன் மேலே ஒரு பாலம். சில எட்டு வைத்தால் தாண்டிடலாம். ஆனா அந்தப் பாலம் இல்லைன்னா உச்சி இல்லை. மனசு சோர்ந்த நாளில் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவே இருப்பதும் அந்தச் சில எட்டுதான். ராத்திரிக்குப் போர்வை வேணும், நான் மறுக்கலை. விடிஞ்சா வேண்டியது வாசலே! வாசலே! என்று சொல்லி விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)