கண்டி அரசவை மண்டபம்

விடுமுறை நாட்களிலே கண்டிமாநகருக்குச் செல்வோர் பலர், தலதா மாளிகையைத் தரிசித்து, வாவிக்கரையில் உலாவி, மனநிறைவோடு திரும்பிவிடுவர். மாளிகையின் அயலிலே நிற்கும் பழைய அரசவை மண்டபத்தை நின்று நோக்குவோர் சிலரே. சிங்கள மக்கள் அதனை ‘மகுல் மடுவ’ என்பர்.

1783 ஆம் ஆண்டில் இம்மண்டபத்தை எழுப்பத் தொடங்கியவன் இராசாதிராசசிங்கன். 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்க மரபினருள் ஒருவன் அவன். நாற்புறமும் திறந்த மண்டபம் அது. செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்களே ஓட்டுக்கூரையைத் தாங்கி நிற்கின்றன. மன்னன் பிரதானிகளோடு கூடி அரசகருமம் ஆராய்ந்த இடம் இதுவே.

1815 மார்ச் 2 ஆம் நாள் இத்தூண்களின் நடுவே கண்டி உடன்படிக்கை வாசிக்கப்பட்டது. முன்னரே சிறைப்பட்டிருந்த ஸ்ரீ விக்கிரமராசசிங்கன் அதனால் அரியணை இழந்தான். இலங்கையின் இறுதிச் சுதேச அரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. மன்னன் வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே மறைந்தான்.

அவ்வுடன்படிக்கையில் ஒரு புதுமை உண்டு. அதில் ஒப்பமிட்ட சிங்களப் பிரதானிகளுட் சிலர் தமிழெழுத்தைக் கையாண்டுள்ளனர். கண்டி அரசவையில் தமிழும் பழகிய மொழியாயிருந்தது என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஆதலின், கண்டிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் இம்மண்டபத்திலே சிறிது தரித்தல் நன்று. இந்நாட்டின் வரலாறு ஓரினத்தார்க்கு மட்டும் உரியதன்று என்பதை நூல்கள் பல சொல்லலாம். இத்தூண்களின் அருகே நின்று கேட்கும் பிள்ளை அதனை எளிதில் மறவாது.