நடந்ததும் நடந்துகொண்டிருந்ததும்

(நமது அறக்கட்டளை நடத்தும் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



சிம்பிள் பாஸ்ட் என்னும் சாதாரண இறந்தகாலத்தையும், பாஸ்ட் கன்டினியுவஸ் என்னும் தொடர் இறந்தகாலத்தையும் தனித்தனியாகப் படித்து முடித்திருக்கிறோம். இன்று இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துப் பேசுவது எப்படி என்று பார்ப்போம். பரீட்சையில் இது இரண்டு மார்க் கேள்வி. வாழ்க்கையிலோ, ஒருவருடைய வேலையே இதைச் சார்ந்து நிற்கும் நேரமும் வரலாம்.

நம் பிள்ளைகள் நர்ஸாகவும் டிரைவராகவும் கடை ஊழியராகவும் வெளிநாடு போகிறார்கள். வேலை செய்யும் இடத்தில் ஏதாவது அசம்பாவிதம் நடந்தால், "அந்த நேரத்தில் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு நோயாளி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் இப்படி எழுதுகிறார்:

"வென் த பேஷன்ட் ஃபெல், ஐ வாஸ் கிவிங் மெடிசின் டு அனதர் பேஷன்ட்."

அவர் விழுந்தபோது, நான் இன்னொரு நோயாளிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன் என்று பொருள். நியாயமான பதில். இதையே "ஐ கேவ் மெடிசின் டு அனதர் பேஷன்ட்" என்று எழுதினால்? அவர் விழுந்தார், அதன்பிறகு நான் இன்னொருவருக்கு மருந்து கொடுக்கப் போனேன் என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். விழுந்தவரைக் கவனிக்காமல் போனதாக ஆகிவிடுகிறது! மாறியது ஒரே ஒரு வினைச்சொல். பழி வந்து விழுவது நம் பிள்ளையின் தலையில்.

டிரைவருக்கும் இதே கதைதான். "வென் த சிக்னல் டர்ன்டு ரெட், ஐ வாஸ் க்ராஸிங் த ஜங்ஷன்" என்றால், சிவப்பு விளக்கு விழும்போது வண்டி ஏற்கெனவே சந்திப்புக்குள் இருந்தது. "ஐ க்ராஸ்டு த ஜங்ஷன்" என்றால், சிவப்பு விழுந்த பிறகு கடந்தேன் என்று தானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்.

இது கடினம் என்று பயப்பட வேண்டாம். இந்த வித்தியாசம் தமிழில் நமக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். "உம்மா சமைத்துக்கொண்டிருந்தபோது வாப்பா போன் செய்தார்" என்கிறோம். "சமைச்சுக்கிட்டு இருந்தாங்க" என்பது நீண்ட செயல். அது முன்பே தொடங்கிவிட்டது, இன்னும் முடியவில்லை. "போன் செய்தார்" என்பது அதன் நடுவே வந்து விழுந்த செயல். தமிழில் "கொண்டிருந்த" வரும் இடத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வாஸ் அல்லது வேர் வரும், வினையின் கடைசியில் "இங்" ஒட்டும். நடுவே வந்த செயலுக்குச் சாதாரண இறந்தகாலம் போதும்.

"மதர் வாஸ் குக்கிங் வென் ஃபாதர் கால்டு." அவ்வளவுதான்.

ஐ, ஹி, ஷி, இட் என்பவற்றோடு வாஸ். வி, யூ, தே என்பவற்றோடு வேர். நடுவே வரும் வினைகளில் சில வடிவம் மாறும்: ஃபால் என்பது ஃபெல், ரிங் என்பது ராங், பிரேக் என்பது புரோக், ஸீ என்பது ஸா. இவற்றுக்குக் குறுக்குவழி இல்லை, மனப்பாடம்தான்.

தமிழில் "போது" என்பதை வினையின் பின்னால் ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் அதற்குரிய சொல் முன்னால் வரும். நடுவே வந்த செயலுக்கு முன்னால் வென் போடுங்கள். நீண்ட செயலுக்கு முன்னால் வைல் போடுங்கள். "வைல் மதர் வாஸ் குக்கிங், ஃபாதர் கால்டு" என்றாலும் அதே பொருள்தான். இரண்டு நீண்ட செயல்கள் ஒன்றாக நடந்தால் இரண்டுக்குமே "இங்" வரும்: "வைல் ஐ வாஸ் ஸ்டடியிங், மை சிஸ்டர் வாஸ் ஸ்லீப்பிங்."

இன்னொன்றையும் கவனியுங்கள். தொடர் இறந்தகாலம், செயல் முடிந்ததா இல்லையா என்று சொல்வதில்லை. "ஹி வாஸ் ட்ரௌனிங்" என்றால் ஒருவர் தண்ணீரில் மூழ்கிக்கொண்டிருந்தார். யாராவது குதித்துக் காப்பாற்றியிருக்கலாம். "ஹி ட்ரௌன்டு" என்றால் மூழ்கி இறந்துவிட்டார். தொலைபேசியில் ஒரு குடும்பத்துக்குச் செய்தி சொல்லும்போது இந்த இரண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, நம்மவர்கள் வழக்கமாகத் தடுமாறும் மூன்று இடங்கள்.

ஒன்று, எல்லா வினைக்கும் "இங்" ஒட்டுவது. தெரிவது, விரும்புவது, நம்புவது, உடைமையாக வைத்திருப்பது போன்றவை செயல்கள் அல்ல, நிலைகள். "ஐ வாஸ் நோயிங் ஹிம்" என்பது தவறு. "ஐ நியூ ஹிம்" என்பதே சரி. தமிழிலும் "எனக்குத் தெரிந்துகொண்டிருந்தது" என்று யாரும் சொல்வதில்லையே!

இரண்டு, தமிழை அப்படியே மாற்றுவது. "தினமும் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன்" என்று தமிழில் பேசுகிறோம். அது வழக்கம், ஒரு நேரத்தில் நடந்துகொண்டிருந்த செயல் அல்ல. ஆகவே "ஐ வாக்டு டு ஸ்கூல் எவ்ரிடே". அதேபோல, ஐந்து வருடம் ஒரு கடையில் வேலை பார்த்து முடித்தவர் இன்டர்வியூவில் "ஐ வொர்க்டு தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்றே சொல்ல வேண்டும்.

மூன்று, கதை முழுவதையும் "இங்" போட்டே சொல்வது. "ஐ வாஸ் கோயிங், ஐ வாஸ் ஸீயிங், ஐ வாஸ் டெல்லிங்" என்று அடுக்கினால், கேட்பவருக்கு எது பின்னணி, எது சம்பவம் என்று விளங்காது. ஒன்றன்பின் ஒன்றாக நடந்தவை எல்லாம் சாதாரண இறந்தகாலத்தில் வரட்டும்: "ஐ ஹெர்டு எ நாய்ஸ், ரேன் டு த ரூம் அண்ட் கால்டு த டாக்டர்."

வீட்டில் செய்ய ஒரு சிறு பயிற்சி. இன்று வீட்டில் நடந்த ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனது, பால் பொங்கியது, விருந்தாளி வந்தார், எதுவானாலும் சரி. இரண்டு கேள்வி கேளுங்கள்: அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? நடுவே என்ன நடந்தது? இரண்டு பதிலையும் வென் என்ற சொல்லால் இணையுங்கள். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் தமிழில் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம், பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்லட்டும். நாளுக்கு ஐந்து வாக்கியம் போதும்.

வெளிநாடு போகிறவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் வாக்குமூலத்தை வேறொருவர் எழுதினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துப் பாருங்கள். புரியவில்லையென்றால் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஏதும் இல்லை. நீங்கள் செய்துகொண்டிருந்ததை, செய்ததாக யாரும் எழுதிவிடக் கூடாது.

அடுத்த வகுப்புக்கு ஒவ்வொருவரும் பத்து வாக்கியத்தோடு வாருங்கள். வரிசையாக எழுந்து சொல்லச் சொல்லுவோம். தப்பாக வந்தாலும் பரவாயில்லை, திருத்துவதற்குத்தான் வகுப்பு.