கழுவிய கீரை சுத்தமான கீரையா?



மலேசியர்களின் சாப்பாட்டில் உலாமுக்குத் தனி இடமுண்டு. வல்லாரை, உலாம் ராஜா முதலிய இலைகளைப் பச்சையாகவே சம்பால் பெலாச்சானில் தொட்டு உண்பார்கள். உடலுக்கு நல்ல பழக்கம்தான். ஆனால், சட்டியில் வேகும் கங்கோங்கில் கிருமி இருந்தால் சூட்டில் மடிந்துவிடும். பச்சை இலைக்கு அந்தக் காவல் இல்லை.

வல்லாரை ஈரத் தரையில், வாய்க்கால் ஓரங்களில் படரும் கொடி. கால்நடைச் சாணம், மக்காத கோழி எரு, அசுத்த நீர் ஆகியவற்றின் வழியே இ.கோலி, சால்மொனெல்லா போன்ற கிருமிகள் இலையில் ஒட்டிக்கொள்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, வாடையும் இராது.

2006ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். ஆலையிலேயே கழுவி, பையில் அடைத்து விற்கப்பட்ட பசலைக்கீரையை உண்டு சுமார் 200 பேர் நோயுற்றனர். 31 பேருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. 3 பேர் மாண்டனர். கழுவிய கீரைதான்! இலையின் நுண்துளைகளிலும் நறுக்கிய ஓரங்களிலும் கிருமிகள் புகுந்துகொண்டால் தண்ணீர் எட்டுவதில்லை. இந்த வகை இ.கோலி நோய் உண்டாக்க நூற்றுக்கும் குறைவான கிருமிகளே போதும். கழுவினால் கிருமி குறையும்; அடியோடு போகாது.

அதற்காகக் கழுவாமல் விடலாமா? கூடாது. எப்படிக் கழுவுவது என்பதே கேள்வி. பலர் கீரைக் கட்டை அப்படியே பேசினில் அமிழ்த்தி எடுக்கிறார்கள். ஓர் இலையில் இருந்த கிருமி அந்த நீரில் கலந்து எல்லா இலைக்கும் பரவ அது நல்ல வழி! முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பிறகு கட்டை அவிழ்த்து, வேரை நறுக்கி, அழுகிய இலைகளை நீக்கி, குழாய் நீர் ஓட ஓட இலை இலையாக விரலால் தேய்க்க வேண்டும். சுத்தமான துணியில் ஒற்றினால் எஞ்சிய கிருமிகளில் இன்னும் சில போகும். நறுக்குவது அதற்குப் பிறகுதான்.

உப்பு நீரில் ஊறப்போட்டுவிட்டுத் தொலைக்காட்சி நாடகம் பார்க்கப் போகும் இல்லத்தரசிகளும் உண்டு. உப்பு நீரில் புழு பூச்சி வெளியேறும், கிருமி சாகாது. வினிகர் ஓரளவு குறைக்கும், அவ்வளவே. பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டவே வேண்டாம். இலை அதை உறிஞ்சிக்கொள்ளும்.

இன்னொன்று, கோழி. சந்தையிலிருந்து வந்ததும் கோழியைக் கழுவிய அதே தொட்டியில் கீரையைப் போடுவதும், கோழி வெட்டிய பலகையில் உலாமை நறுக்குவதும் பல வீடுகளில் நடப்பதுதான். எத்தனை முறை கழுவிய இலையும் அங்கே கெட்டுவிடும். உலாமுக்கென்று தனிப் பலகையும் கத்தியும் வைத்துக்கொள்வது பெரிய செலவல்ல.

ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள், முதியோர், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குப் பச்சை இலை வேண்டாம். நன்கு வேகவைத்தே கொடுக்கலாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கில் இரத்தம் கலந்து வந்தால், பேதியை நிறுத்தும் மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கக் கூடாது. சிறுநீரகப் பாதிப்புக்கு அது வழிவிடக்கூடும். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.