பாஸ்போர்ட் யார் கையில்?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



கடன், வசூல் பற்றியே எப்போதும் பேசுகிறோம். இன்றைக்கு ஒரு சினிமாக் கதை பார்ப்போம்.

'தி டார்ஜிலிங் லிமிடெட்' 2007-ல் வந்த ஆங்கிலப் படம். எடுத்தவர் வெஸ் ஆண்டர்சன் என்ற அமெரிக்க இயக்குநர். ஆனால் கதை நடப்பது நம் நாட்டு ரயிலில். படம் பிடித்தது ராஜஸ்தானில்.

பிரான்சிஸ், பீட்டர், ஜாக் மூவரும் அண்ணன் தம்பிகள். அப்பா இறந்து ஒரு வருஷம் ஆச்சு. அன்றிலிருந்து ஒருத்தரோடு ஒருத்தர் பேச்சில்லை. பெரியவர் பிரான்சிஸ், விபத்தில் அடிபட்டு, தலை நிறையக் கட்டோடு தம்பிகளைக் கூப்பிடுகிறார். சேர்ந்து ஊர் சுற்றினால் பழையபடி ஒண்ணாகிவிடலாம் என்பது அவர் கணக்கு.

ஆனால் நடப்பது சண்டைதான். அப்பாவின் கண்ணாடியையும் சாவியையும் பீட்டர் எடுத்து வைத்திருக்கிறார். அது எல்லாருக்கும் சொந்தமாச்சே என்று ஒரு சண்டை. ஒருவர் சொன்ன ரகசியத்தை, அவர் எழுந்து போனதும் இன்னொருவர் போட்டு உடைக்கிறார். போதாததற்கு பீட்டர் விஷப்பாம்பு ஒன்றை வாங்கி வர, அது ரயிலுக்குள் தப்பி ஓடுகிறது. கடைசியில் மூவரையும் மூட்டை முடிச்சோடு ரயிலை விட்டே இறக்கிவிடுகிறார்கள். சிரிப்பை அடக்க முடியாது.

இதில் பெரியவர் செய்வதைக் கவனியுங்கள். எங்கே போவது, எத்தனை மணிக்கு, எல்லாம் அச்சடித்த அட்டவணை. தம்பிகளின் சாப்பாட்டையும் அவரே சொல்வார். அவர்களுடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொள்கிறார். பாசம் இருக்கிறது, ஆனால் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

ரயிலை விட்டு இறங்கி நடக்கும்போது, ஆற்றில் மூன்று சிறுவர்கள் கவிழ்ந்து விழுகிறார்கள். மூவரும் குதிக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் பிழைக்க, ஒரு பிள்ளை இறந்துபோகிறது. அந்தப் பிள்ளையின் அப்பாவாக நடித்தவர் மறைந்த இர்பான் கான். அந்த ஊரார் இவர்களையும் சாவுச் சடங்குக்கு இருக்கச் சொல்கிறார்கள். அங்கே அட்டவணையும் இல்லை, அதிகாரமும் இல்லை. மூவரும் ஒன்றாக நின்று துக்கத்தில் பங்கெடுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் மனசு இளகுகிறது.

கடைசியில் ஓடும் ரயிலைப் பிடிக்க அப்பாவின் பெட்டிகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். ஏறிய பிறகு பிரான்சிஸ் பாஸ்போர்ட்டைத் திருப்பி நீட்டுகிறார். தம்பிகளோ அண்ணனிடமே இருக்கட்டும் என்கிறார்கள். முதலில் இருந்ததும் அதே கையில்தான். ஆனால் அப்போது அவரே வாங்கி வைத்தார், இப்போது இவர்களாக நம்பிக் கொடுக்கிறார்கள்.

சகோதரிகளே, நம் குழுவிலும் பாஸ்புக் ஒருவர் கையில்தான் இருக்கும். அதில் தப்பில்லை. கேட்டவுடன் எடுத்துக் காட்டுகிறாரா, எல்லாரையும் கேட்டுத் தீர்மானம் போடுகிறோமா என்பதுதான் கேள்வி.

வீட்டுக்கும் இதேதான். கூடப்பிறந்தவர்களோடு பேச்சு விட்டுப்போனவர்கள் நம்மில் உண்டு. தூக்கிப் போட வேண்டியது மனக்கசப்பைத்தான், உரிமையை அல்ல. 2005-ல் திருத்திய இந்து வாரிசுரிமைச் சட்டம், பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் உரிமை கொடுத்திருக்கிறது. படிக்காமல் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். அதற்காக அண்ணன் வீட்டுப் படியேறாமலும் இருக்காதீர்கள். உறவும் வேணும், உரிமையும் வேணும்.