எல்லார்க்கும் ஏற்ற பாடம்

கல்லூரி என்றால் கட்டடம் என்று எண்ணிய காலம் மாறிவிட்டது. இன்று பாடம் இணையத்தின் வழியே இல்லந்தேடி வருகின்றது. தொலைவு என்னும் தடை நீங்கிற்று. ஆனால், தடைகள் யாவும் நீங்கினவா? செவிப்புலன் அற்ற மாணவிக்குப் பேராசிரியரின் உரை வெறும் வாயசைவு. கட்புலன் அற்ற மாணவனுக்கு, "இதோ பாருங்கள்" என்று ஆசிரியர் சுட்டும் வரைபடம் எட்டாத பொருள். வாயில் திறந்துதான் இருக்கிறது. படிதான் உயர்ந்து நிற்கிறது.

இப்படியைத் தாழ்த்துவது எவ்வாறு? அதற்கு விடை காண, முதலில் வீதிக்குச் செல்வோம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் பெர்க்கிலி என்றோர் ஊர் உண்டு. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1962ஆம் ஆண்டு எட் ராபர்ட்ஸ் என்னும் இளைஞர் சேர்ந்தார். இளம்பிள்ளை வாதத்தால் கைகால் செயலிழந்தவர் அவர். மூச்சுவிட உதவும் பெரும்பொறி ஒன்றினுள் படுத்தே உறங்க வேண்டியவர். விடுதிகளில் அதற்கு இடம் அமையாமையால், வளாகத்து மருத்துவமனையே அவருக்கு உறைவிடம் ஆயிற்று. அவரும் அவரையொத்த மாணவர்களும் தம் உரிமைக்காகக் குரல் எழுப்பினர். 1970களின் தொடக்கத்தில் அவ்வூர்ச் சாலைகளில், சக்கர நாற்காலி ஏறி இறங்கும் வண்ணம், நடைபாதையின் விளிம்புகள் சரிவாக அமைக்கப்பெற்றன.

பிறகு நிகழ்ந்தது யாது? குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் செல்லும் தாயும், சுமைவண்டி இழுக்கும் தொழிலாளியும், ஊன்றுகோல் பிடித்த முதியவரும் அச்சரிவையே நாடினர். சிலருக்காக அமைத்தது பலருக்கும் பயன்பட்டது.

இவ்வுண்மையை ஒரு கொள்கையாக வளர்த்தவர் ரானல்டு மேஸ் என்னும் அமெரிக்கக் கட்டடக் கலைஞர். அவரும் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவரே. ஊனமுற்றோருக்கெனத் தனிக்கதவு வேண்டா. பொதுக்கதவே எல்லார்க்கும் பொருந்தட்டும் என்பது அவர் கருத்து. 'பொது வடிவமைப்பு' என இதனைக் கூறலாம். 1997இல் அவரும் அவருடைய துணைவரும் இதனை ஏழு நெறிகளாக வகுத்தளித்தனர். 1984இல் தோன்றிய 'காஸ்ட்' என்னும் அமெரிக்க நிறுவனம் இவ்வெண்ணத்தைக் கல்விக்குப் பொருத்தியது. பாடத்தைப் பலவழியில் காட்டுக. கற்றதை வெளியிடப் பலவழி தருக. ஆர்வத்தைப் பலவழியில் தூண்டுக என்னும் மூன்றும் அதன் சாரம்.

தொடக்கத்திலேயே இவற்றை எண்ணாவிடின் நேர்வது என்ன? மீண்டும் பெர்க்கிலியே சான்று தருகின்றது. அப்பல்கலைக்கழகம் பல்லாயிரம் விரிவுரைகளை உலகோர்க்கு இலவசமாக இணையத்தில் வழங்கியிருந்தது. அவற்றுள் பலவற்றில் பேச்சோடு ஓடும் எழுத்துவரிகள் இல்லை. செவிப்புலன் அற்றோர் சார்பில் முறையீடு எழுந்தது. 2016இல் அமெரிக்க நீதித்துறை குறைகளைச் சுட்டிற்று. திருத்துவதற்கோ பெருஞ்செலவு. 2017இல் பல்கலைக்கழகம் 20,000க்கும் மேற்பட்ட பதிவுகளைப் பொதுமக்கள் பார்வையினின்று விலக்கிக்கொண்டது. சிலருக்கு மூடியிருந்த கதவு, முடிவில் உலகோர் அனைவர்க்கும் மூடிற்று. கேட்டவர் மீது பழியில்லை. எண்ண வேண்டிய காலத்தில் எண்ணாமையே பிழை. 2022இல் தன் இணையப் பாடங்களை யாவரும் பயன்கொள்ளுமாறு அமைக்க அப்பல்கலைக்கழகம் அரசோடு உடன்பாடு செய்துகொண்டது.

செய்யத்தக்கவை அரியன அல்ல. ஒளிப்படக்காட்சிக்கு எழுத்துவரி சேர்க்கலாம். அயல்மொழியில் பயில்பவனுக்கும், இரைச்சல் மிகுந்த இல்லத்தில் இருப்பவளுக்கும் அது துணையாகும். படத்தின் பொருளைச் சொற்களில் எழுதி வைக்கலாம். எழுத்தை ஒலியாக்கித் தரும் மென்பொருள் அதனைப் படித்துக் காட்டும். பக்கங்களின் நிழற்படத்தை அளிப்பதினும், எழுத்துக்களாகவே பாடத்தை அளிப்பது நன்று. தேர்வு ஒன்றே வழி என்னாது, கட்டுரையாகவோ உரையாகவோ விடைதர இடங்கொடுக்கலாம். இவற்றால் பாடத்தின் தரம் குறைவதில்லை. மலையின் உயரம் அதுவே. ஏறும் வழிகள்தாம் பல.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் சிலர் ஆசிரியராவீர். சிலர் மென்பொருள் ஆக்குவீர். எதனையும் படைக்கத் தொடங்குமுன், "இதனை அணுக முடியாதவர் யார்?" என்று ஒருமுறை கேளுங்கள். கட்டி முடித்தபின் சுவரை இடிப்பதினும், கட்டும்போதே வாயிலை அகலமாக்குவது எளிது. அதுவே அறமும் ஆகும்.