காத்தும் வெயிலும் நம்ம கணக்குல வரணும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம ஊர்ல இருந்து ராதாபுரம், காவல்கிணறு பக்கம் பஸ்ஸில் போனால் வழியெல்லாம் காற்றாலைதான். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற காத்து நம்ம தலைக்கு மேலதான் அடிக்குது. ஆனா அதுல ஒரு றெக்கைகூட நம்ம குழுக்களுக்குச் சொந்தம் இல்ல.

மேட்டுப்பாளையம் பக்கத்துல ஓடந்துறை ஊராட்சி இருக்கு. குடிதண்ணி மோட்டார், தெருவிளக்கு பில் ஏறிக்கிட்டே போச்சு. தலைவரா இருந்த சண்முகம் 2006-ல் ஊராட்சி பேரிலேயே 350 கிலோவாட் காற்றாலை வாங்கினார். விலை 1 கோடியே 55 லட்சம். ஊராட்சி சேமிப்பு 40 லட்சம், மிச்சம் வங்கிக் கடன். காற்றாலை நிக்கிறது அந்த ஊர்ல இல்ல, உடுமலைப் பக்கம் காத்து உள்ள இடத்துல. தேவைக்குப் போக மிஞ்சுற கரண்ட்டை வாரியத்துக்கு வித்தாங்க, அதுல கடனைக் கட்டினாங்க. சேமிப்பு, கடன், தவணை. நமக்குத் தெரியாத வேலையா இது?

கோடிக்கு இப்ப போக வேண்டாம். நம்ம கட்டட மொட்டை மாடியைப் பாருங்க. 1 கிலோவாட் சோலார் நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு 4 யூனிட் வரைக்கும் தரும். முருங்கை இலைப்பொடி அரைக்கிற 2 ஹெச்.பி. மில் மணிக்கு ஒன்றரை யூனிட் இழுக்கும். அரைக்கிறதைப் பகல்லயே முடிச்சா வியாபார ரேட்டு பில் நல்லா குறையும்.

வீட்டுக்குன்னு கேட்டா என் பதில் வேற. ரெண்டு மாசத்துக்கு இவ்வளவு யூனிட்னு இலவசம் இருக்கு. அதுக்குள்ள ஓட்டுற வீட்டுக்குக் கடன் வாங்கி பேனல் போடாதீங்க, யார் வீடு தேடி வந்து சொன்னாலும் சரி. மத்திய அரசுத் திட்டத்துல 1 கிலோவாட்டுக்கு 30,000, 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் உண்டு. அது ஏ.சி., மோட்டார்னு பெரிய பில் கட்டுற வீட்டுக்குத்தான் லாபம்.

வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுக்கோங்க. பேட்டரி இல்லாத பேனல், கரண்ட் போனா தானும் நின்னுடும். லைன்ல வேலை பாக்குற ஆளுக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்க. பழுதுன்னு நினைச்சு சண்டைக்குப் போகாதீங்க. அப்புறம், ஆடிக் காத்துல நம்ம தேரி மண்ணு எங்கதான் படியாது! வாரம் ஒருக்கா தண்ணி ஊத்தித் துடைக்கணும். எந்தக் குழு எந்த வாரம்னு தீர்மான நோட்டுல எழுதிட்டுத்தான் பேனலை மாடியில ஏத்தணும்.

அடுத்த செயற்குழுவுக்கு மில்லோட ஒரு வருஷ கரண்ட் பில்லை எடுத்துட்டு வாங்க. அதை வச்சே எத்தனை கிலோவாட்னு முடிவு பண்ணுவோம்.