கூத்துக்களத்தில் முகவீணை

இசைக்கருவிகள் பற்றிய பொழிவென்றால் வீணை, நாகசுரம், புல்லாங்குழல் என்றே பேச்சு போகும். ஒரு முழம்கூட வராத முகவீணையை இன்று எடுத்துக்கொள்கிறேன். வடமாவட்டங்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு அதன் குரல் தெரியும்.

நாகசுரக் குடும்பத்தில் இது சிறியது. சீவாளி என்னும் நாணல் நாக்கை வைத்து ஊதுவது. சதிர் ஆட்டத்துக்கு வாசித்த சின்ன மேளம் என்ற குழுவில் இதற்கு இடம் இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் கிளாரினெட் வந்து அந்த இடத்தைப் பிடித்தது. பின்னர் நாகசுரமே உருமாறியது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்த நீண்ட பாரி நாயனத்தை டி. என். ராஜரத்தினம் பிள்ளை வாசித்துப் பரவச் செய்தார். சுருதி இறங்கிற்று, கச்சேரி மேடைக்குப் பொருந்திற்று. கூத்து மட்டும் குட்டைக் குழலைக் கைவிடவில்லை.

காரணம் களத்தில் இருக்கிறது. திறந்த வெளி, சலங்கை, மிருதங்கம், கைத்தாளம், எதிரே ஊரே திரண்ட கூட்டம். இத்தனைக்கும் மேலே வேடக்காரர் உச்சக் குரலில் பாடுகிறார். தாழ்ந்த சுருதி அங்கே அமுங்கிப் போகும். குழல் குட்டையானால் சுருதி ஏறும். ஏறிய சுருதி திடலின் கடைசி வரிசைவரை போய்ச் சேரும்.

நாகசுரக்காரர்கள் சிலர் இதை மதிப்பதில்லை. துளைகள் நெருங்கியிருப்பதால் விரல் ஓடாது, ராகத்தை விரித்து வாசிக்க வழியில்லை என்பார்கள். அது உண்மைதான். ஆனால் கூத்தில் அதன் வேலை வேறு. ஆர்மோனியம் சுருதியைப் பிடித்துக்கொடுக்கும், பாடுபவரோடு கூட நடப்பது தாங்கள்தான் என்று முகவீணைக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆர்மோனியக் கட்டைக்கு வழுக்கத் தெரியாது. கர்ண மோட்சக் கூத்தில் மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும்போது குரல் இழைந்து இறங்கும் இடமெல்லாம் முகவீணையும் இறங்கும். வேடக்காரர் மூச்சு வாங்கும் இடைவெளியில் அந்த அழுகையை அறுந்துபோகாமல் காப்பதும் அதுவே. கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுக்கும் பழக்கம் இல்லாமல் அது முடியாது.

ஆட்டம் தொடங்குமுன் முகவீணைக்காரரைக் கவனியுங்கள். சீவாளியை வாயில் போட்டு ஊறவைப்பார். எடுத்து, தனியே ஊதிப் பார்ப்பார். அதன் வாய் அதிகம் திறந்திருந்தால் விரலால் அமுக்குவார். கெண்டை என்ற உலோகக் குழாயில் செருகி, ஆர்மோனியத்தோடு சேரும்வரை மயிரிழை ஏற்றி இறக்குவார். நடுச்சாமப் பனியில் சீவாளியின் குணம் மாறிவிடும். பாட்டு நடக்கும்போதே உதட்டாலேயே அதைச் சரிக்கட்ட வேண்டும். மாற்றுச் சீவாளி இல்லாமல் எவரும் களத்துக்கு வருவதில்லை.

இன்று ஒலிபெருக்கிக்காரர் மைக்கை நேரே முகவீணையின் வாயருகே வைத்துவிடுகிறார். காது கூசுகிறது என்று நகரத்து ரசிகர் குறைப்படுகிறார். பழி கருவிமேல் விழுகிறது. மைக்கில்லாமல் திடலை நிரப்பப் பிறந்த குரல் அது. மைக்கைத் தள்ளி வையுங்கள், கருவியைத் தள்ளாதீர்கள்.

கருவி நிலைக்கப் பழக ஆளும் வேண்டும். 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் நடத்திப் பெண்பிள்ளைகளுக்கும் கூத்துக் கற்பித்தது. வேடத்துக்கும் பாட்டுக்கும் ஆள் வருகிறார்கள். முகவீணைக்குத்தான் வரத் தயங்குகிறார்கள். பழக நாளாகும், சம்பளமோ பின்பாட்டுக்காரருக்குக் கிடைக்கும் அளவுதான். இப்பொழிவை நடத்தும் அறக்கட்டளையிடம் என் வேண்டுகோள் இது: இளையவர் ஒருவர் மூத்த கலைஞரிடம் தங்கிப் பழக ஆண்டுதோறும் உதவித்தொகை கொடுங்கள். அடுத்த பொழிவை அரங்கில் வைக்காமல் ஒரு கூத்துத் திடலில் வையுங்கள். பேச்சைக் குறைத்து, ஒலிபெருக்கி இல்லாமல் அவர்களை வாசிக்கச் சொல்லுங்கள்.